பாலத்துக்கு அந்தப் பக்கம்

வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. ராஜாம்பாள் அப்பாவின் விறைத்த முழங்கையை மடியில் வைத்து நீவிப் பார்த்தாள், வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கடைசியில் பட்டாளத்து உடுப்பின் முதுகைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, முன்பக்கமாகப் போர்த்திப் பொத்தானைப் போட்டுவிட்டாள். எதிரில் நின்று பார்த்தால் ஜெனரல் அரங்கநாதன். அடியில் வெற்று முதுகு.

பர்மா சண்டைக்குப் போனவர். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு, பிறகு பாகிஸ்தானோடு இரண்டு தடவை. எழுபத்தொன்றில் அவர் படம் பத்திரிகையில் வந்தபோது அதைக் கத்தரித்து ஒட்டாத கடை எலவனாசூர்கோட்டையில் கிடையாது. அப்பேர்ப்பட்டவரை வழியனுப்பப் பட்டாளம் வந்து கொம்பு ஊத வேண்டும், துப்பாக்கி வெடிக்க வேண்டும். எங்கே வருவது? தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்து இன்றோடு மூன்றாம் நாள். பட்டாள வண்டி விழுப்புரத்தையே தாண்டவில்லை என்று சைக்கிளில் வந்தவன் சொன்னான். கள்ளக்குறிச்சியிலிருந்து ஐஸ் கட்டிகூட வர வழியில்லை. உயிர் போனது நேற்று சாயங்காலம். ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ராஜாம்பாளை அரித்தது அதெல்லாம் இல்லை. சாவதற்கு முன்னால் அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னதுதான்.

"அமிர்தத்துக்கிட்ட சொல்லிடு. கண்ணாயிரம் வரமாட்டான். சீனாக்காரன் தொரத்திக்கினு வந்தான். பாலத்த வெடி வச்சித் தகர்த்தாத்தான் மிச்சம் பேரு தப்பிக்கலாம். கண்ணாயிரம் அந்தப் பக்கம் இருந்தான், ஓடியாந்துகினு இருந்தான். பார்த்துட்டுத்தான் வெடின்னு சொன்னேன்."

கண்ணாயிரம் இதே தெருக்காரன். கர்னலாக இருந்த அவரே கூட்டிப் போய்ப் பட்டாளத்தில் சேர்த்த பையன். காணவில்லை என்று தந்தி வந்தபோது அமிர்தம் ஆறு மாதக் கர்ப்பம். அவர் லீவில் வரும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பாள். "புடிச்சி வச்சிருப்பான். வுடுவான், வருவான்" என்பார் அவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி இருபத்தைந்து வருஷம் மஞ்சள் கயிறும் நெற்றி நிறையக் குங்குமமுமாக இருந்தாள். ஊரில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நாலு சண்டை பார்த்த மனுஷனுக்கு இந்த ஒரு பொம்பளையிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சாகிற நேரத்தில் அதை மகள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ராஜாம்பாளுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"சின்னம்மா, தூக்கிடலாமா? வெயில் ஏறுது."

வாசலில் வீரமுத்து நின்றான். அமிர்தத்தின் மகன். இரண்டு நாளாகப் புளியமரம் வெட்டி உள்ளங்கை கொப்புளித்து, துணி சுற்றியிருந்தான். வெட்டின மரத்திலேயே நாலு வண்டி விறகு கொண்டுபோய்ச் சுடுகாட்டில் இறக்கிவிட்டதாகவும் சொன்னான்.

"நீயும் தோள் குடுக்கறியாப்பா?" என்று கேட்டாள்.

"இன்னா சின்னம்மா இப்படிக் கேக்கறீங்க? எங்கப்பாவக் கூட்டினு போனவரு. அப்பா வந்தா மொதல்ல இவரத்தான கேப்பாரு."

ராஜாம்பாள் விலகி அவனுக்கு வழிவிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் தூக்குகிற நாலு பேரில் ஒருவன் குறைவான். ஆட்கள் பாதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புக்காட்டில் கிடந்தார்கள்.

தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அதற்கு அப்பால் தார்ச்சாலையில் ஏழு மரங்கள் குறுக்கே கிடந்தன. பாடையைக் கீழே வைக்கக்கூடாது. வீரமுத்துதான் ஒவ்வொரு அடிமரத்தின் மேலும் முதலில் ஏறி நின்று, முன்பக்கத்துப் பாரம் முழுவதையும் தன் தோளில் வாங்கினான். ஏழு மரத்துக்கும் அப்படித்தான் செய்தான். ராஜாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் நின்ற அமிர்தம், "எம்புள்ளைக்கு அவங்கப்பா ஒடம்பு" என்று மெதுவாகச் சொன்னாள்.

பெண்கள் குளிக்க வயலில் இருந்த மோட்டார் கொட்டாய்க்குப் போனார்கள். மற்றவர்கள் தொட்டியில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, ராஜாம்பாள் அமிர்தத்தின் கையைப் பிடித்து வரப்போரம் கூட்டிப்போனாள். அப்பா சொன்னதை அப்படியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

அமிர்தம் அழவில்லை.

"எப்ப சொன்னாரு?"

"நேத்து மத்தியானம்."

"அப்ப காலைல எம்புள்ள தோள் குடுக்கறப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"சொல்லியிருந்தா தூக்கியிருக்க மாட்டான்."

"அதனாலதான் சொல்லல."

அமிர்தம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ராஜாம்பாளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அது இன்னா தேதி?" என்று கேட்டாள் அமிர்தம்.

"எது?"

"பாலம் வெடிச்சது. இன்னா மாசம், இன்னா தேதி? படைக்கணும்ல அவருக்கு. இத்தினி வருசமா ஒரு வாய்ச் சோறு படைக்கலயே. உசுரோட இருக்காருன்னு இருந்துட்டேனே."

அதை மட்டும் ராஜாம்பாள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

"தெரியலக்கா. நாலு நாள்ல அமாவாசை வருது. நாள் தெரியாதவங்களுக்கெல்லாம் அன்னைக்குத்தான்..."

"நாள் தெரியாதவரா எம்புருசன்? தெரிஞ்சவரு ஒருத்தரு நேத்து வரைக்கும் இருந்தாரே."

சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பியது. பச்சைப் புளிய விறகு, சுலபத்தில் பற்றாது. கறுத்த புகை தாழ்வாக வயல்மேல் பரவி, கல்வராயன் மலையை மறைத்துக்கொண்டிருந்தது. அமிர்தம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னைக்குத் தேதி இன்னா?"

"புரட்டாசி மூணு."

"மூணு" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தொட்டியில் இறங்கி, குழாய்க்கு நேராக முகத்தைக் கொடுத்து வெகுநேரம் நின்றாள்.

ஈரப்புடவையோடு எல்லாரும் வீடு திரும்பினார்கள். தலைமாட்டில் ஏற்றிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு குங்குமச் சிமிழை எடுத்து வந்து வரிசையாக நீட்டினாள். ஒருத்தி தொட்டு வைத்துக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். சிமிழ் அமிர்தத்திடம் வந்தது.

"வச்சிக்கினு இப்படித் தள்ளு, ராஜாம்பா நின்னுகினு இருக்கா பாரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அமிர்தம் சிமிழின் மூடியை அழுத்தி மூடி, ராஜாம்பாள் கையில் கொடுத்தாள்.