கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்தில் ஓர் அழைப்பு

1.

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. முதல் வரைவில் அதை ஆர்லோ என்ற ஒருவன் தலையில் கட்டியிருந்தேன். ஆர்லோ சோம்பேறி, மீன்பிடிப் பைத்தியம், பார்க்க லட்சணமானவன். நான்காம் பத்தியில் எனக்கே அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆகவே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே வருகிறேன்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், ஜன்னலோரம் வெர்னா...

(வேண்டாம். கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் எங்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2.

வெர்னா லின்ட்க்விஸ்ட் எங்கள் கவுண்டி இணையதளத்தை இருபத்தாறு ஆண்டுகள் எழுதியவர். நாய் உரிமம், கழிவுநீர்த் தொட்டி, கார் மானில் மோதினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் கைவண்ணம். எதிலும் அவர் பெயர் இருக்காது. பக்கங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளாக வைத்திருந்தார்: தலைப்புக்கு ஒரு டேக், கட்டணத்துக்கு ஒரு டேக், திறந்தால் மூடியே ஆகவேண்டிய குறிகள். எல்லாப் பக்கங்களுக்கும் அடியில் வரும் 'தொடர்புக்கு' என்ற துண்டு மட்டும் ஒரே கோப்பு. அதைத் தொட்டால் முந்நூற்று நாற்பது பக்கங்களும் மாறும்.

அவர் ஓய்வு பெறும் வாரம் வந்தது.

"யாருக்கும் சொல்லிடாத. நம்ம ரெண்டு பேரும் கேக் வெட்டுவோம், போதும்," என்றார். "இத்தன வருஷம் எழுதினேன், படிச்சேன்னு ஒருத்தர் சொன்னதில்ல. கூப்பிட்டா மட்டும் வந்துடுவாங்களாக்கும்."

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஊழியர் பக்கத்துக்கென்று எழுதினேன்: 'வியாழன் மூன்று மணி, அறை 12. வெர்னாவுக்கு விருந்து. ஆளுக்கொரு ஹாட்டிஷ் சமைத்து வாருங்கள்.' (ஹாட்டிஷ்: இறைச்சியும் காய்கறியும் கலந்து அவனில் வேகவைக்கும் எங்கள் ஊர்ப் பண்டம்.) ஆனால் கைதவறி எழுதியது தொடர்புக் கோப்பில். சரிபார்ப்பு நிரல் பச்சை காட்டியது. டேக் ஒழுங்காக மூடியிருந்தால் அதற்குப் போதும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காது.

3.

முதலில் பார்த்தவர் வெர்னாதான்.

[இங்கே அவர் கோபத்தில் கத்துவதாக... இல்லை. கத்தியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.]

"என் விருந்துக்குச் சாப்பாடு கேட்டிருக்கியே, எங்க கேட்டிருக்கன்னு பாத்தியா? 'தொட்டியை எப்போது காலி செய்ய வேண்டும்'. அதுக்கு நேர் கீழ."

"மன்னிச்சிடுங்க வெர்னா. ரெண்டே நிமிஷம், எடுத்துடறேன்."

"டேக்கையாவது ஒழுங்கா மூடியிருக்க. அதுவரைக்கும் சந்தோஷம்."

நான் கோப்பைத் திறந்தேன். அவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இரு. விட்டுடு."

"முந்நூத்தி நாப்பது பக்கத்துலயும் இருக்குங்க."

"அதான் சொல்றேன். வியாழன் வரைக்கும் கெடக்கட்டும். யாராச்சும் படிக்கிறாங்களான்னு பாத்துடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கோப்பைத் திருத்தாமலே மூடினேன்.

4.

வியாழன், மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். வெர்னா எட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு ஐந்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

முதல் முடிவு: யாரும் வரவில்லை. (எழுத மனம் வரவில்லை.)

இரண்டாம் முடிவு: நடைவழி முழுக்கக் கூட்டம், ஆவி பறக்கும் பாத்திரங்கள். (ரொம்பத்தான் ஆசை எனக்கு. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முடிவு: நாய் உரிமம் எடுக்காத ஒருவர், நாயையும் பிடித்துக்கொண்டு...

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அன்று வெர்னா எதிர்பார்த்தது கடைசி வரிவரை படித்த ஒரே ஓர் ஆளை. நீங்கள் இங்கே வந்துவிட்டீர்கள். அறை 12-இன் கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, உள்ளே கேக் இருக்கிறது.