கைப்பிடிக்குள் இருந்த வில்மா

சலைனா ஊர்த் துப்பாக்கிக் கண்காட்சி மண்டபத்தின் வாசலிலேயே ரிவால்வருக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து இறுக்கிவிட்டார்கள். இனி அது சுடாது. லைலின் நிலையும் அப்படித்தான். மாட்டிறைச்சி ஆலையில் ராத்திரி முழுக்கக் கத்தி பிடித்தவன், கண் மூடாமல், பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தான். அவனுடைய பிக்கப் வண்டியில் கியர்பாக்ஸ் போய்விட்டது. மாற்ற எழுநூறு டாலர் கேட்கிறார்கள். இப்போது ஆலைக்கு ஏற்றிப்போகிற பக்கத்து வீட்டுக்காரனோ மாதக் கடைசியில் ஊரைவிட்டே போகிறான். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் விற்க மிச்சமிருந்தது, இறந்துபோன அப்பாவின் இந்த ரிவால்வர் ஒன்றுதான்.

அம்மா வில்மாவை ஓர் இரும்பு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பழைய துப்பாக்கிகள் வாங்கி விற்கும் ஓப்பல் டிரையரின் மேசைமேல் அதை வைத்தான்.

"பளபளன்னு இருக்கு பாருங்க. கைப்பிடி புதுசு. ரோஸ்வுட். நேத்துதான் மாட்டினேன்."

"அதான் தம்பி பயமா இருக்கு" என்றாள் ஓப்பல்.

திருப்புளியால் மரப்பிடியைக் கழற்றிவிட்டு அடிப்பக்கத்தை விளக்கில் காட்டினாள். 'வி' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தன.

"'வி'ன்னா விக்டரி, வெற்றி. போர்க்காலத்துல கடற்படைக்குச் செஞ்சது. அப்ப மங்கின சாம்பல் நிறமா இருந்திருக்கும். யாரோ குழாயை அறுத்து, நிக்கல் பூசி, மாப்பிள்ளை அலங்காரம் பண்ணியிருக்காங்க."

"எங்கப்பாதான். ஹேக்ஸா பிளேடு வெச்சு அறுத்தாரு."

"சும்மா இருக்கத் தெரியாதவரா? இருநூத்தம்பது தரேன். தகர டப்பாவைச் சுட்டுப் பழகறவன் வாங்குவான். சேகரிக்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்."

லைல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வாதாடத் தெம்பில்லை. ஓப்பல் மரப்பிடியைத் திரும்ப மாட்டப் போனவள், நிறுத்தினாள். நிக்கலின் மேல் வேறொரு பிடியின் வடிவத்தில் பழுப்புக்கோடு ஓடியது.

"இதுக்கு முன்னாடி என்ன பிடி இருந்துச்சு?"

"மஞ்சளாப் போன பிளாஸ்டிக். அசிங்கமா இருந்துச்சுன்னு குப்பையில போட்டுட்டேன்."

"கண்ணாடி மாதிரியா? உள்ளே படம் ஏதாவது?"

"ஆமா. எங்கம்மா சின்ன வயசுல எடுத்தது."

ஓப்பல் கண்ணை மூடிக்கொண்டாள். "விழுந்த விமானத்தோட பிளாஸ்டிக் ஜன்னலை அறுத்து, அடியில காதலி படத்தை வெச்சு, போர்முனையிலேயே பசங்க செதுக்குன பிடி அது. அதோட வந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு தொள்ளாயிரம் எடுத்து வெச்சிருப்பேன். புது மரத்தை யாரு தேடறா? ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒருத்தனாவது இப்படி அழகு பண்ணிக் கொண்டுவந்துடறான்."

பின்னால் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. வில்மா காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். உள்ளே இரண்டு மஞ்சள் துண்டுகள்.

"காபிச் சக்கைக்கு அடியில கெடந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"என் மூஞ்சியக் குப்பையில கொட்டினவன்கிட்ட என்னடா பேச்சு?"

ஓப்பல் துண்டுகளைச் சட்டத்தோடு பொருத்திப் பார்த்தாள். விளிம்பு பழுப்புக்கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது. இடப்பக்கத் துண்டுக்குள் பத்தொன்பது வயது வில்மா, தலைமுடியைச் சுருட்டிவிட்டு, எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கின்மேல் மட்டும் பிளாஸ்டிக் தேய்ந்து மங்கியிருந்தது. அப்பாவின் பெருவிரல் பட்ட இடம்.

லைல் துண்டுகளை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். "வேணாம்மா. இது உன்கிட்டயே இருக்கட்டும். இருநூத்தம்பதுக்கே தந்துடலாம்."

"மீதிக்கு? நடந்தே ஆலைக்குப் போவியா? அந்த மனுஷன் தேச்ச தேய்ப்புல எனக்கு மூக்கே போச்சு. இனி இதை வெச்சு நான் என்ன பண்ண? மாட்டுடா."

கத்தி பிடித்து மரத்துப்போன விரல்களில் திருகாணி நிற்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. வில்மாவே வாங்கி முடுக்கினாள்.

ஓப்பல் சொன்னபடி தொள்ளாயிரத்தைக் கொடுத்துவிட்டு, ரிவால்வரைப் பச்சைத் துணியில் படம் அடியில் போகும்படி வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போன லைல், அவளை நிற்கவைத்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தான்.

"மறுபக்கமா வைங்க."

"இந்தப் பக்கந்தான் விலைச் சீட்டு ஒட்டப்போறேன், தம்பி."

"சீட்டை அந்தப் பக்கம் ஒட்டிக்கோங்க. எங்கம்மா மூச்சு விடட்டும்."

ஓப்பல் ரிவால்வரைத் திருப்பி வைத்தாள். நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள் வில்மா.

"அன்னைக்குத் தலைமுடி நல்லாத்தான் படிஞ்சிருந்துச்சு" என்றாள். "வா, காபி வாங்கிக் குடு. நிக்கமுடியல."