ஐம்பதுக்கு ஒன்றே முக்கால் குறைவு

கால்சட்டையின் இடது பைக்குள் ஒரு கிலோ எடைக்கல்லை இறக்கியதுமே, நாடகம் முடிந்து திரை விழுவதுபோல் அது முழங்கால்வரை இறங்கியது. முத்திரையார் அசரவில்லை. ஏற்றிக் கட்டினார். வலது பையிலும் ஒரு கிலோவைப் போட்டார். ஒரு பக்கம் மட்டும் போட்டால் நடை சாயும், பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். பெல்ட்டில் கடைசி ஓட்டை, அதற்குமேல் ஒரு சணல் கயிறு, அதையும் மறைக்க வெளியே விட்ட சட்டை. கண்ணாடிமுன் நாலடி நடந்து பார்த்தார். மாடியேறிய வாத்து போலிருந்தது. வயதானவர் நடை அப்படித்தான் இருக்கும் என்று உலகம் ஏற்கெனவே நம்புவது எவ்வளவு வசதி.

முப்பத்தாறு ஆண்டுகள் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்பினால் கடைத்தெரு முழுக்கத் தராசுகள் தாமாகவே நேராக நிற்குமாம். தட்டுக்கு அடியில் காந்தம் வைத்தவன், கல்லைக் குடைந்து மெழுகு அடைத்தவன், கட்டைவிரலால் அழுத்துகிறவன் எல்லாரையும் மூக்கு நுனியிலேயே மோப்பம் பிடிப்பார். சரியான கல்லில் முத்திரை குத்துவது அவர் வேலை. பெயரும் அப்படித்தான் ஒட்டியது. ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் நினைவுப் பரிசாகக் கொடுத்த இரண்டு பித்தளைக் கற்கள்தான் இப்போது அவர் தொடைகளை இடித்துக்கொண்டிருந்தன.

காரணம் மகள். போன மாதம் மருத்துவமனையில் நிறுத்துப் பார்த்தபோது நாற்பத்தெட்டேகால் காட்டியது. "அடுத்த மாசம் அம்பது இல்லேன்னா தனியா இருந்தது போதும்ப்பா. நம்ம வீட்டுக்கு வந்துடணும்" என்றாள். அங்கே மாப்பிள்ளை விடியற்காலை ஆறு மணிக்குத் தரை அதிரக் குதித்து உடற்பயிற்சி செய்வார். செருப்பைக் கழற்றி வைக்கக்கூட அங்கே அட்டவணை உண்டு. தன் கதவு, தன் சாவி, நினைத்த நேரத்துக்கு வானொலி இவற்றை விட்டுவிட்டு அந்த ராணுவ முகாமில் போய்ச் சேருவதா? சாப்பிட்டு ஏற்றலாமே என்றால் வாய் ஒத்துழைக்கவில்லை. காலையில் தேநீரில் நனைத்த இரண்டு பிஸ்கட், மதியம் பூனைக்கு வைப்பதுபோல் ஒரு கை சோறு, இரவு அரை வாழைப்பழம். மீதி அரையை மறுநாளைக்கு வைத்துவிடுவார். வழியில் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிப் பார்த்தார். ஐம்பதேகால். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தராசை ஏமாற்றியவருக்கு வெட்கம் வந்தது. ஏமாற்று இவ்வளவு சுலபம் என்பதில் கொஞ்சம் கோபமும் வந்தது.

சத்துணவு ஆலோசகர் அறையில் மகள் காத்திருந்தாள். சுவரில் தொட்டில் முதல் கைத்தடிவரை வரிசையாகப் படங்கள். யார் எதைத் தின்ன வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. குழந்தைகள் விழுந்தால் அடிபடக் கூடாதென்று தரையில் புதிதாக மெத்தென்ற விரிப்பு ஒன்று போட்டு, அதன்மேல் முள் வைத்த எடை இயந்திரத்தை வைத்திருந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அதிலிருந்து இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கிலோ எறங்கியிருக்கும்மா. வயித்துல ஒண்ணு வளருது, நீங்க பட்டினி கிடக்கறீங்களா?" என்றாள் ஆலோசகி.

"வாய் ஓயாமத்தான் மேடம் சாப்பிடறேன். எங்க வீட்டுல எனக்குப் பயந்து அலமாரியைப் பூட்டாத குறை."

ஆலோசகி நம்பாமல் எதையோ எழுதிக்கொண்டு முத்திரையாரிடம் திரும்பினாள். "நீங்க சார்? இப்பவாவது ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா பெட்ரோல்?"

"ஓடாத வண்டிதான் சார் துருப்பிடிக்கும். குழந்தைக்கு வளரணும், இவங்களுக்கு ரெண்டு உயிர் பிழைக்கணும். உங்களுக்கு இருக்கற சதை கரையாம நிக்கணும். வயசானா பசிதான் குறையும், உடம்போட தேவை குறையாது. ஏறுங்க."

ஏறினார். முள் ஆடி, அசைந்து, நாற்பத்தேழில் நின்றது.

"போதும்ப்பா" என்றாள் மகள். கோபமில்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை சாமான் எடுக்க வண்டி சொல்லிடறேன்."

முத்திரையார் காதில் அது விழவில்லை. அவர் குனிந்து இயந்திரத்தின் கால்களைப் பார்த்தார். நாலும் விரிப்புக்குள் சேற்றில் மாடுபோல் புதைந்திருந்தன. முப்பத்தாறு ஆண்டு ரத்தம் ஒரே நொடியில் தலைக்கு ஏறியது.

"இந்த மெஷின் பொய் சொல்லுது."

"எடை எறங்கினா மெஷின் பொய், ஏறினா செருப்புக் கனம். தெனம் கேக்கறேன் சார்."

"விரிப்பை எடும்மா. தராசு கெட்டித் தரையில நிக்கணும்."

அவர் குரலில் என்ன இருந்ததோ, ஆலோசகியே இயந்திரத்தை வெறுந்தரைக்கு இழுத்துப் போட்டாள். கர்ப்பிணி மறுபடி ஏறினாள். மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது. அவள் முகம் மலர்ந்தது. ஆலோசகி முகம் சுருங்கியது.

"அங்க குறைச்சுக் காட்டுச்சா, இல்ல இங்க ஏத்திக் காட்டுதா? எதை நம்பி நான் எழுதறது? டாக்டர் இதைப் பார்த்துத்தான் இவங்களை அட்மிட் பண்ணச் சொல்வாரு."

"எடை தெரிஞ்ச பொருள் ஒண்ணு வேணும்" என்றார் முத்திரையார். "அதைக் கையில குடுத்து நிறுத்தா, எவ்வளவோ அவ்வளவு ஏறணும்."

"இப்ப அதுக்கு எங்க சார் போறது?"

முத்திரையாரின் இரண்டு கைகளும் இரண்டு பைகளின்மேல் இருந்தன. வாயை மூடிக்கொண்டு இப்போது ஏறினால் போதும். ஐம்பதேகால், வீடு பிழைத்தது. கர்ப்பிணி இயந்திரத்தின்மேல் நின்றபடியே, இறங்கலாமா வேண்டாமா என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இடது கையை உள்ளே விட்டார். ஒன்று. வலது. இரண்டு. கனம் போனதும் கால்சட்டைக்கு என்ன புரிந்ததோ, சணல் கயிற்றையும் மீறி ஒரு விரற்கடை இறங்கியது. பித்தளை பளபளத்தது. கர்ப்பிணி கைக்கொன்றாக வாங்கிக்கொண்டாள். முள் சரியாக இரண்டு கோடு ஏறியது. விரிப்பின்மேல் அதையே செய்தபோது ஒன்றுதான் ஏறியது. ஆலோசகி பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். அப்புறம்தான் கற்களையும் அவர் கால்சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள் மகள்.

"ம்."

"இது எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தாம்மா. சத்தியமா."

"ஊருக்கெல்லாம் முத்திரை குத்துனவரு." அவள் கற்களை வாங்கி மேசைமேல் வைத்தாள். உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "ஏறுங்க. நெஜமான எடையப் பாக்கலாம்."

வெறும் பைகளோடு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு முத்திரையார் ஏறினார். கர்ப்பிணி அவசரமாகத் தன் பையைத் துழாவி ஒரு டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டைகள். ஒன்றை உரித்து நீட்டினாள்.

"இன்னும் பாக்காதீங்க மேடம். சார், வாயத் திறங்க."

"உள்ள போன உடனே சதையாயிடாதும்மா அது."

"கனம் கனந்தான சார். நீங்கதான சொன்னீங்க, எவ்வளவோ அவ்வளவு ஏறணும்னு."

சட்டப்படி அதில் குற்றம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. வாங்கி முழுசாகப் போட்டுக்கொண்டார். இரண்டு கன்னமும் உப்ப, கண் பிதுங்க, தராசின்மேல் நின்றுகொண்டே மென்றார். கர்ப்பிணியும் ஆலோசகியும் தலையோடு தலை முட்டக் குனிந்து நடுங்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் பார்க்கவில்லை. அவள் இரண்டாவது முட்டையை உரிக்கத் தொடங்கியிருந்தாள்.