வேலியோரத்து மொட்டைச் செடி

காய்க்கவே காய்க்காத செடியை வேலியோரம் நட்டு, பத்து வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட ஆளை என்னவென்று சொல்வது? அமெரிக்காவில், பனி கொட்டும் வெர்மான்ட்டில் அந்தத் தெருவே ஆல்டனைப் பார்த்துச் சிரித்தது. அதிகம் சிரித்தவள் பக்கத்து வீட்டு வெல்மாதான்.

அவள் முற்றத்தில் மூன்று விண்டர்பெர்ரி செடிகள். இலை உதிர்ந்து தெருவே பனியில் வெள்ளையாகிவிட்ட பிறகு, அந்தக் குச்சிகளில் மட்டும் நெருப்பாய்ச் சிவப்புப் பழம். அவள் புருஷன் வைத்த செடிகள் அவை. அவன் இருந்தவரை ஒரு பழம் கூடப் பிடிக்கவில்லை. அவன் இறந்துபோன முதல் குளிர்காலத்தில், "இந்த வெள்ளையைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது, ஃபுளோரிடாவுல தங்கச்சிகிட்டப் போயிடறேன்" என்று அழுதாள். மறுநாளே ஆல்டன் நாற்றுப் பண்ணைக்குப் போய் விசாரித்தார். "மூணும் பெண் செடியா இருக்கும். பக்கத்துல ஓர் ஆண் செடி பூத்தாத்தான் காய்க்கும்" என்றான் பண்ணைக்காரன்.

வாங்கி வந்து வேலியோரம் நட்டார். அடுத்த குளிர்காலம் மூன்றும் சிவந்தன. வெல்மா ஊரைவிட்டுப் போகவில்லை. ஏன் நட்டார் என்று சொல்லப் போனால் மனசில் இருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். அதற்குத்தான் அவருக்கு நாக்கு எழாதே!

போன மே மாதம் வெல்மா ஒரு செடிக்கன்றோடு வந்து நின்றாள். "ஆல்டன், அந்த மொட்டையைப் பிடுங்கித் தொலை. என் செடியில முளைச்ச கன்னு இது, அங்க வை. நீயும் கொஞ்சம் சிவப்பைப் பாரேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே, வெல்மா."

"என் கையால குடுக்கறது உனக்கு வேண்டாமா?"

அவள் கையால் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பார்? பிடுங்கிய ஆண் செடியைக் கொட்டகைக்குப் பின்னால் நட்டு, தினம் தண்ணீர் ஊற்றினார். இடம் மாறிய கோபமோ என்னவோ, ஜூனில் அது ஒரு மொட்டுக்கூட விடவில்லை.

நவம்பரில் மூன்று செடிகளும் வெறும் குச்சிகள். வெல்மா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள். டிசம்பரில் காரில் பெட்டிகளை ஏற்றினாள். "தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வீட்டையும் வித்துடலாம்னு பாக்கறேன்."

ஆல்டன் தொப்பிகூடப் போடாமல் ஓடி வந்தார். "வெல்மா, அந்த மொட்டைதான் ஆண் செடி. அது பூத்தாத்தான் உன்னோடது காய்க்கும். கொட்டகைக்குப் பின்னால வச்சிருக்கேன். வர்ற ஜூன்ல பூத்துடும்."

அவள் கார் கண்ணாடியை இறக்கினாள். "இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"நட்டதே அதுக்குத்தான்."

"பத்து வருஷமா நான் கேலி பண்ணினேனே, வாயைத் திறந்தியாய்யா நீ?" திட்டத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்தது. "சரி, செடியைப் பத்திச் சொல்லிட்ட. நட்டவன் மனசுல என்ன இருக்குன்னு சொல்லலையே?"

ஆல்டன் வாயைத் திறந்தார். வெண்புகையாய் மூச்சுதான் வந்தது. அவள் காத்திருந்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. இந்த மனுஷனைக் கட்டி உதைத்தால் என்ன என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

"ஜூன் வரைக்கும் வீட்டை விக்கல," என்றாள் கடைசியில். "அதுக்குள்ளயாவது யோசிச்சு வை." கண்ணாடி மேலே ஏறியது.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"போகாதே, வெல்மா," என்றார், சத்தமாகவே. தெருவில் யாருமில்லை.