ஐந்து வேப்பம்பலகைகள்

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தது நான்தான். ஐந்தும் வளைந்துபோனதற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. சொல்லத்தான் பார்த்தேன். வெயிலைத் திட்டினேன், மரவாடிக்காரரைத் திட்டினேன். பலகை வளைந்தபடியே இருந்தது.

என் பெயர் சுனந்தா. செங்கம் ரோட்டு விடுதிகளுக்குத் தோட்டத்து நாற்காலியும் பெஞ்சும் செய்து கொடுக்கிறேன். பதினாறு வருடமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிறவள், ஈரம் காயாத பச்சை வேப்பம்பலகையைச் சாய்த்து வைக்கலாமா? வைத்தேன். பட்டறைத் தரையில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சமணர்கள். எறும்பு மேல் பலகையைப் போடவும் மனம் வராது, மருந்துத்தூள் தூவவும் வராது. இரண்டு நாளில் போய்விடும் என்று சுவரோரம் நிறுத்திவிட்டு விடுதி வேலைக்கு ஓடினேன். பத்து நாள் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் காய்ந்து குழிந்து, பத்தடிப் பலகை நடுவில் இரண்டு அங்குலம் வளைந்திருந்தது.

பலகை திரௌபதிக்காக வாங்கியது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக்கடை வைத்திருந்தவள், என் சிநேகிதி. பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பௌர்ணமிதோறும் கூட்டம் சேருவதற்குள் முதல் தட்டு எனக்கு வந்துவிடும். சர்க்கரை வியாதியில் ஆறு மாதத்துக்கு முன் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடைத் தளம் ரோட்டைவிட ஒரு அடி உயரம். சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு வேண்டும். இடத்துக்காரர் முருகையன் இதுவரை பொறுத்தார். இந்தப் பௌர்ணமிக்கும் திறக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று இப்போது சொல்லிவிட்டார். ஐந்து நாள்தான் இருந்தது.

முருகையன் பட்டறைக்கு வந்து பலகையைப் பார்த்தார். “இரும்புத் தகடு போட்டுடும்மா. ஒரு மணி நேர வேல.”

“மழையில வழுக்கும்ணா. வெயில்ல அவ கை பட்டா வெந்துடும்.”

“வேற பலக வாங்கேன்.”

“வாங்கினா அதுவும் பச்சைதான். அதுவும் இதே ஆட்டம் ஆடும். இதையே நேராக்குறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

செங்கல் அடுக்கி அதன்மேல் ஈரக் கோணி விரித்தேன். குழிந்த பக்கம் ஈரத்தில் படும்படி, மேடான பக்கம் வெயிலைப் பார்க்கும்படி பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மணல் மூட்டைகளை ஏற்றினேன். எறும்புகளுக்குப் பத்தடி தள்ளி ரவையைக் கோடாகத் தூவிவிட்டேன். அவை ரவையோடு அந்தப் பக்கம் போய்விட்டன. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

தினமும் மூன்று வேளை கோணியை நனைத்தேன். மூன்றாம் நாள் கயிறு கட்டி அளந்ததில் இரண்டு அங்குலம் ஒன்றாகியிருந்தது. நாலாம் நாளும் ஒன்றுதான். அதற்குமேல் அசையவில்லை.

பலகையை நீளவாக்கில்தான் போடுவேன் என்பது என் பிடிவாதம். சக்கரம் ஒரே பலகையில் குலுங்காமல் ஓடும். துண்டாக்கிக் குறுக்கே போட்டால் இணைப்புக்கு இணைப்பு தட்டும். தட்டினால் அவளுக்குக் கால் எடுத்த இடம் வலிக்கும்.

அன்று மத்தியானம் திரௌபதி போன் செய்தாள். “இன்னாடி, பலக உன்ன மாதிரியே பிடிவாதம் புடிக்குதாமே. முருகையண்ணன் சொன்னாரு.”

“நாளைக்கு முடிச்சிடுவேன்.”

“முடியலைன்னா சொல்லிடு. நாலு பேரக் கூப்ட்டு என்ன நாற்காலியோட தூக்கி வைக்கச் சொல்றேன்.”

“நல்லதுதானே?”

“தூக்கி வச்சா எறங்கறதுக்கும் யாரையாவது கூப்புடணும் சுனந்தா. ஒன்னுக்குப் போறதுக்கும் கூப்புடணும். அப்படிக் கட வைக்கறதுக்கு ஊட்லயே கெடக்கலாம்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் ரம்பத்தை எடுத்தேன்.

பத்தடியில் ஒரு அங்குலம் வளைந்த பலகையைச் சமமாக மூன்றாக அறுத்தால், ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சுகிற வளைவு மிகக் கம்மி. ஸ்க்ரூவை இறுக்கினாலே அடியில் போடும் சட்டத்தோடு படிந்துவிடும். இது எனக்குத் தெரியாததில்லை. குலுங்குமே என்ற பயத்தில்தான் தள்ளிப்போட்டிருந்தேன். ஐந்து பலகை பதினைந்து துண்டானது. இரண்டு சட்டத்தின் மேல் அவற்றைக் குறுக்கே வரிசையாகப் போட்டு இறுக்கினேன். மழைத் தண்ணீர் இறங்க ஒரு நாணயம் நுழையும் இடைவெளி மட்டும் விட்டேன். பிறகு இழைப்புளியோடு மண்டியிட்டேன். ஒரு துண்டின் விளிம்பு அடுத்ததைவிட மயிரிழை தூக்கியிருந்தாலும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, தட்டிய இடத்தை எல்லாம் இழைத்தேன். மறுநாள் விடிந்தபோது என்னால் முட்டியை மடக்க முடியவில்லை.

சரிவைக் கொண்டுபோய்க் கடை வாசலில் பொருத்தினேன். பௌர்ணமியன்று மூன்று மணிக்குத் திரௌபதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். முருகையன் நாற்காலியைத் தள்ள வந்தார்.

“கைய எடுங்கண்ணா” என்றாள்.

தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். நான் பலகையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிச் சரிவில் நின்றுவிட்டாள்.

“வலிக்குதா?”

“மூச்சு வாங்குறேன்டி. சும்மா இரு.”

மேலே போனதும் அடுப்பைப் பற்றவைத்தாள். முருகையன் சரிவை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, “அடுத்த மாசமும் தொறந்துடும்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரை மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கியது. அதற்குள் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் ரோட்டோரம் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது திரௌபதி மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து, சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

“இன்னும் பொழுது இருக்குது. சாப்புடு” என்றாள்.

தட்டை வாங்கினேன். விளிம்பு வரை ஊற்றியிருந்த சட்னி ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.