நாலு மாத இருதயம்

கதிர்காமநாதன் உலக்கையைப் பந்தல் காலில் சாத்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். சுண்ணப் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வாயை மூடினார்.

"அண்ணரை ஆசுப்பத்திரியிலை வெட்டிப் பாக்காமல் நான் இடிக்கமாட்டன்."

நடுவீட்டில் ஜெயரூபியின் கணவர் பரமேஸ்வரன் பெட்டியில் கிடந்தார். உரலில் மஞ்சளோடு சுண்ணம் இடிக்காமல் பிரேதம் வாசல் தாண்டாது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பிக்காரன் நாதன்தான். அந்தத் திமிரில்தான் நிற்கிறான் என்று ஜெயரூபிக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த மாரடைப்பில் அவருடைய இருதயத்தில் பாதிச் சதை செத்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் நாதன், அங்கே நடந்த ஓர் ஆய்வில் அண்ணனைச் சேர்த்துவிட்டான். இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இருதயத்தில் ஏற்றினால் செத்த சதை திரும்பத் தழைக்கக்கூடுமாம். நாலு மாதத்துக்கு முன் ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து, ஏதோ தன் நெஞ்சைப் பிளந்து எடுத்துக் கொடுத்தவன்போல, "அண்ணருக்குப் புது இருதயம் வைப்பிச்சனான்" என்று அக்கராயன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். நேற்றுக் காலை அண்ணன் வயல் வரம்பில் மண்வெட்டியோடு சாய்ந்தார்.

"முளைச்சு வந்த சதையை வயலுக்கு அனுப்பி நாசமாக்கினது நீங்கள், அண்ணி. வெட்டினால் தெரியும்."

"நான் அனுப்பேல்லை. மறிச்சால் கேக்கிற மனுசனே அவர்? மரண விசாரணைக்கு வந்தவரே கிளினிக் கொப்பியைப் பாத்திட்டு உடலைத் தந்திட்டுப் போட்டார். இனி அவரிலை கத்தி பட விடமாட்டன். நீ இடிக்காட்டில் தனுஷா இடிப்பாள். கொள்ளியும் அவளே வைப்பாள்."

பந்தலுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பத்தொன்பது வயது மகள் தனுஷா தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப டொக்டர் சொல்லட்டும். ஊரும் கேக்கட்டும்" என்று நாதன் கொழும்புக்கு அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தான். புதிதாக முளைத்த சதை எவ்வளவு என்று கேட்டான்.

மறுமுனையில் ஆய்வை நடத்திய டாக்டரம்மா பேசினார். "தம்பி, இறந்த செய்தி வந்த பிறகுதான் நாங்களும் பட்டியலைத் திறந்து பாத்தனாங்கள். பாதிப் பேருக்குத்தான் செல் ஏத்தினது. மற்றப் பாதிக்கு, ஒப்பிட்டுப் பாக்க, வெறும் உப்புத் தண்ணி. ஆருக்கு எது எண்டு ஊசி போட்டவைக்கே தெரியாது. உங்கட அண்ணருக்கு உப்புத் தண்ணிதான். படிவத்திலை இதெல்லாம் இருந்தது. நீங்கள்தானே அவருக்கு வாசிச்சுக் காட்டினனீங்கள்?"

நாதன் கைபேசியைத் தாழ்த்தினான். "அந்தப் பக்கத்தை வாசிக்கேல்லை. வாசிச்சிருந்தால் அண்ணர் வந்திருக்கமாட்டார்" என்றான்.

ஜெயரூபி வென்றுவிட்டாள். இனி யாரும் வெட்டச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுக்கு ஆத்திரம் முன்னையைவிடக் கூடியது. இரண்டு வருடம் கதிரையில் சாய்ந்தபடியே தூங்கிய மனுசன், இந்த நாலு மாதமும் பாயில் காலை நீட்டிப் படுத்தார். சைக்கிள் எடுத்துச் சந்திக்குப் போய்வந்தார். விடியும்போது அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, "புதுசு எப்பிடி அடிக்குது, பாரன்" என்பார். அவள் உள்ளங்கைக்கு அதே பழைய தடுமாற்றம்தான் பட்டது. "குதிரை மாதிரி ஓடுது" என்றுதான் ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

"ஏன் கேட்டனீ?" என்றாள் நாதனிடம். "ஆரைக் கேட்டு, ஊரைக் கூட்டி வச்சுக் கேட்டனீ?"

அவன் விம்மிக்கொண்டே உலக்கைக்குக் கை நீட்டினான். அவள் அதை இழுத்து மகளிடம் கொடுத்தாள். ஒருவரும் மறிக்கவில்லை. பாட்டு மறுபடி தொடங்கியது. ஜெயரூபி போய்ப் பெட்டியருகே இருந்தாள்.

சுண்ணம் இடித்து முடியும் தறுவாயில், மாங்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்த உறவுக்காரி வடிவம்மா ஓடிவந்து பெட்டியில் விழுந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"ஐயோ ரூபி, புது இருதயம் வச்ச மனுசனெல்லே! அது நல்லா வேலை செய்யுது எண்டு போன கிழமையும் எனக்குச் சொன்னவரெல்லே!"

எல்லோரும் ஜெயரூபியைப் பார்த்தார்கள். நாதன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் வடிவக்கா" என்றாள் ஜெயரூபி. "நல்லாத்தான் வேலை செய்தது."

வடிவம்மா இருந்து அழ இடம் விட்டு, அவள் கொஞ்சம் நகர்ந்து இருந்தாள்.