கடைசிப் பிள்ளை போகும்வரை

கடைசிப் பிள்ளையை அழைத்துப்போக ஆள் வரும்வரை அந்தக் காப்பகத்தின் மேல் சூரியன் மறைவதில்லை. ஊர் முழுக்க விளக்குப் போட்ட பிறகும் அந்த ஒரு கட்டடத்தின் கூரையிலும் முற்றத்திலும் மாலை ஐந்து மணி வெயில் அப்படியே கிடக்கும். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இடம் அது. முன்னறை, பின்னறை, பாய் அடுக்கும் அலமாரி, குழாயடி, அவ்வளவுதான். பொறுப்பாளரைப் பெரியக்கா என்றார்கள்; ஆள் என்னவோ அந்த அலமாரியில் பாதி உயரம். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பெற்றவர் கையில் பிடித்துக் கொடுத்தால்தான் கொடுத்தது, வாசலில் விட்டுவிட்டுத் திரும்புகிற கதையே கூடாது. பேருந்து தாமதமானாலும், முதலாளி பிடித்துவைத்தாலும் பெரியக்காவும் ஆயாக்களும் காத்திருந்தார்கள். கூடவே சூரியனும் காத்திருந்தது. ஆரம்பத்தில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தார் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட ஆரம்பித்தார்கள்.

நாளாக ஆக ஆயாக்களுக்குத் தலை எண்ணுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. இருட்டினால் எல்லாரும் போயாயிற்று, அதற்கு மேல் என்ன கணக்கு என்று இருந்துவிட்டார்கள். அப்படி ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் கொடுத்து, தரையைக் கழுவி, கதவைப் பூட்டப் போகும்போதும் வெயில் அசையவில்லை. “இதுக்கு இன்னைக்கு என்ன கேடு?” என்று ஒரு ஆயா வானத்தைத் திட்டினாள். பெரியக்கா உள்ளே போய் மூலை மூலையாகத் தேடினார். அலமாரியில், சுருட்டிய பாய்களுக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவளின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயாடி என்று பெயரெடுத்த சின்னப் பெண். அவளை அன்று சாயங்காலமே தாயின் கையில் கொடுத்திருந்தார்கள். எழுப்பிக் கேட்டபோது அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: “அம்மாவுக்கு நைட் டூட்டி. என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவாங்க. எனக்கு அங்க பயமா இருக்கு, ஜன்னல் வழியா வந்துட்டேன்.”

இத்தனை நாளும் பிள்ளை பூட்டிக்கிடந்த அந்த வீட்டின் மேல் நிற்காமல் போயிற்றே என்று பெரியக்காவுக்கு முதலில் சூரியன் மேல்தான் ஆத்திரம் வந்தது. கூடக் காத்திருக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது நிற்பதில்லை என்று புரிந்தபோது ஆத்திரம் தன் மேல் திரும்பியது. காலையில் தாய் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “பூட்டாம என்னக்கா செய்யறது? வேலையை விட்டா யாரு சோறு போடுவா?” என்று அழுதாள். “இனிமே பூட்டுக்கு வேலையில்ல. இங்க விட்டுட்டுப் போ,” என்றார் பெரியக்கா. அந்த வாரமே இரவுப் பிரிவு தொடங்கியது. காவல்காரர், நர்ஸ், பேருந்து ஓட்டுபவர், மனைவியை இழந்த ஒரு தச்சர் என்று வரிசையாகப் பிள்ளைகளோடு வந்தார்கள். இருப்பதை ஒழுங்காக நடத்தினால் போதாதா என்று நிறுவனத்தின் மேலிடம் கேட்டது. போதாது என்று பெரியக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். காப்பகத்தில் விடிய விடிய மாலை வெயில் அடித்தது. கடைசித் தாய் வந்ததும் மேற்கே மறைந்த சூரியன், கையோடு கிழக்கே உதித்தது.

எதிர்வரிசை மெத்தைக்கடைக்காரருக்குத்தான் இது பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் தூக்கத்தை விற்பவர், தன் மெத்தையிலேயே புரண்டு புரண்டு படுத்தார். திரை போட்டார், ஜன்னலுக்குப் பலகை அடித்தார், கடைசியில் நகராட்சிக்குப் போனார். அதிகாரி வந்து, இரவுப் பிரிவை மூடாவிட்டால் கட்டடத்தையே பூட்டுவேன் என்றார். பெரியக்கா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். ஒரு சாயங்காலம் அதிகாரி ஆட்களோடு வந்து, பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி, கதவுக்குப் பூட்டுப் போட்டார். வெளிச்சம் கட்டடத்தில் இருக்கிறது என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

வாயாடியை விட வந்த தாய், பூட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்து நின்றாள். ஏற்கெனவே லீவு போட்டதற்கு, இன்னொரு நாள் வராவிட்டால் வேலை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். “வீட்டுலயே விட்டுட்டுப் போறேன்க்கா,” என்றாள். “மறுபடியும் பூட்டவா? பிள்ளைய என் கையில குடு, நீ வேலைக்குப் போ,” என்று அதட்டி அனுப்பினார் பெரியக்கா. பிறகு பெரிய பிள்ளைகள் பாய்களைத் தூக்கிக்கொள்ள, சின்னவர்களை ஆயாக்கள் இடுப்பில் வைத்துக்கொள்ள, எல்லாரும் நடந்தார்கள். வெயிலும் நடந்தது. அவர்கள் நுழைந்த தெருவெல்லாம் பளிச்சென்று ஆனது, கடந்த தெருவெல்லாம் இருட்டியது. மெத்தைக்கடைக்காரர் அன்று குறட்டை விட்டுத் தூங்கினார். ஊர்வலம் நேராக நகராட்சி அலுவலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தது. அதிகாரியின் வீடு அதன் பின்கட்டில்தான்.

ஐந்து மணி வெயில் அவர் படுக்கையறைச் சுவரில் ஏறி, அசையாமல் நின்றது. போர்வையை இழுத்து மூடினார், போர்வைக்குள்ளும் வெளிச்சம். வெளியே பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தி அவர் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். அவரும் கொடுத்தார். ஒவ்வொருவராகப் பெற்றோர் வெளிச்சத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து வந்தார்கள். கடைசியாக ஆஸ்பத்திரிக்காரி வந்தாள், சீருடைகூட மாற்றாமல். பெரியக்கா வாயாடியின் கையை அவள் கையில் பிடித்துக் கொடுத்தார். அதிகாரியின் கண்ணெதிரே சூரியன் சட்டென்று மறைந்தது.

“இன்னைக்கு ராத்திரியும் இங்கதான் வருவீங்களா?” என்று அவர் கேட்டார்.

“பிள்ளைங்க எங்கயோ அங்க வெயிலும் வரும். உங்க மாடி நல்லா விசாலமா இருக்கு, சார்,” என்றார் பெரியக்கா.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு மீன்சந்தைக்குப் பின்னால் ஒன்று, பஞ்சாலை வாசலில் ஒன்று, ரயிலடியில் ஒன்று என்று காப்பகங்கள் கூடிக்கொண்டே போயின. இப்போதும் எதிர்த்து மனுக் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். பெரியக்கா அடுத்த கட்டடத்துக்கு வாடகை பேசிக்கொண்டிருக்கிறார். இரவு ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள், அங்கங்கே திட்டுத் திட்டாக வெயில் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். “அது ஒண்ணுமில்ல, யாரோ ஒரு பிள்ளைக்கு இன்னும் ஆள் வரல,” என்று சொல்லிவிட்டுச் சுமைதூக்குபவர் அவர்கள் பெட்டியைத் தலைக்கு ஏற்றுவார்.